தோண்டிச் செப்பனிடும் எலும்பு

ஓடுகிறவரின் கணைக்கால் எலும்பு ஒவ்வோர் அடியிலும் சற்றே வளைந்து நிமிர்கிறது. கண்ணுக்குப் புலப்படாத இந்த வளைவை அளந்தறிய முடியும். தன்னார்வலர்களின் கணைக்கால் எலும்பின் மேற்பரப்பில் நுண்ணளவிகளை நேரடியாகப் பொருத்தி, அவர்களை நடக்கவும் ஓடவும் மேடுபள்ளங்களில் விரையவும் செய்து எடுக்கப்பட்ட அளவீடுகள் 1996-இல் வெளியாயின. மிகக் கடுமையான ஓட்டத்தின்போதும் எலும்பின் உருமாற்றம் ஆயிரத்தில் இரண்டு பங்கைத் தாண்டவில்லை என்று அவை காட்டின. சுமையால் ஒரு பொருளுக்கு ஏற்படும் இத்தகைய உருமாற்ற விகிதத்தைப் பொறியியலார் திரிபு என்பர். ஆரோக்கியமான கெட்டியெலும்பு மீளமுடியாதபடி சேதமடையத் தொடங்குவது, திரிபு ஆயிரத்தில் ஏழு பங்கை நெருங்கும்போதுதான். ஆக, எலும்பின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஓட்டம் எட்டுவதில்லை. இருந்தும் விழாமல், அடிபடாமல், கால் பிசகாமல், வெறுமனே ஓடிக்கொண்டும் அணிவகுத்து நடந்துகொண்டும் இருப்பவர்களின் காலெலும்புகள் விரிசல் காண்கின்றன. மருத்துவர்களும் விளையாட்டு வீரர்களும் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்று சொல்லும் இந்தத் தகைவு முறிவை விளங்கிக்கொள்ள, ஒரு சுமையின் பருமனை விட்டுவிட்டு, சுமைகளின் எண்ணிக்கையையும் அவற்றுக்கு நடுவே கழியும் காலத்தையும் கணக்கிலெடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய ஆயிரம் அடிகள் தேவைப்படும் என்று கொண்டால், வாரத்துக்கு 60 கிலோமீட்டர் ஓடும் ஒருவரின் ஒவ்வொரு காலும் அந்த வாரத்தில் 30,000 முறை தரையில் மோதுகிறது. தனித்தனியே தீங்கற்ற சுமைகள் இப்படித் திரும்பத் திரும்ப விழுவதால் ஒரு பொருள் நைந்து முறிவது அயர்ச்சி எனப்படுகிறது. இதனை உலோகத்தில் முறையாக ஆராய்ந்தவர் பிரஷ்யாவின் ரயில்வே பொறியாளரான ஔகுஸ்ட் வோலர். 1842-இல் பிரான்சின் வெர்சாய் அருகே ஓர் இயந்திரத்தின் அச்சு முறிந்து ரயில் தடம்புரண்டு பலர் மாண்டது முதல், நல்ல நிலையில் இருந்த அச்சுகள் ஏன் திடீரென முறிகின்றன என்ற கேள்வி ஐரோப்பியப் பொறியாளர்களை உலுக்கிக்கொண்டிருந்தது. வோலர் 1850-களில் தொடங்கி 1870 வரை நடத்திய சோதனைகளில், அச்சின் மீதான சுமை சிறிது குறைந்தாலும் அது தாங்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை பலமடங்கு கூடுகிறது என்ற உறவு வெளிப்பட்டது. அதே பிரஷ்யாவில், அதே காலத்தில், 1855-இல், பிரைட்ஹௌப்ட் என்ற படை மருத்துவர் நீண்ட அணிநடைக்குப் பின் படைவீரர்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அது தசைநாண் உறைகளின் அழற்சி என்றே அவர் கருதினார். எலும்பைத் தோலுக்கு வெளியிலிருந்து பார்க்க வழியில்லாத நாளில் வேறு முடிவுக்கு வருவதும் எளிதன்று. 1895-இல் ரோன்ட்கன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டறிந்த இரண்டே ஆண்டுகளில், 1897-இல், வீங்கிய அந்தப் பாதங்களுக்குள் முறிந்த எலும்புகள் இருப்பதை ஷ்டெகோவ் என்ற மற்றொரு படை மருத்துவர் காட்டினார். அயர்ச்சியால் முறியும் அச்சையும் அணிநடையால் முறியும் எலும்பையும் ஒரே நாட்டார் ஒரே தலைமுறையில் ஆராய்ந்தபோதிலும், இரண்டும் ஒரே வகைச் சிக்கல் என்பது உணரப்பட நெடுங்காலம் ஆயிற்று.

ஒரே வகைச் சிக்கல் என்பதும் பாதி உண்மைதான். ரயில் அச்சில் விழுந்த விரிசல் வளர மட்டுமே செய்யும். எலும்பில் விழுந்த விரிசலோ கண்டுபிடிக்கப்பட்டு, அகற்றப்பட்டு, புதுப்பிக்கப்படும். கொலாஜன் என்னும் புரத இழைகளும் அவற்றின் மீது படிந்த கால்சியம் பாஸ்பேட் படிகங்களும் சேர்ந்ததே எலும்பு. இழைகள் வளைந்துகொடுக்கின்றன, படிகங்கள் விறைப்பைத் தருகின்றன. இந்தக் கலவைக்குள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்களவு நீளமுள்ள நுண்விரிசல்கள் அன்றாட நடமாட்டத்திலேயே தோன்றியபடி இருக்கின்றன. எலும்பினுள் புதையுண்டு வாழும் எலும்புச் செல்கள் மெல்லிய கால்வாய்களின் வழியே நீட்டிய கிளைகளால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. விரிசல் ஒன்று அக்கிளைகளை அறுத்துச் செல்லும்போது அதையொட்டிய செல்கள் மடிகின்றன; மடிந்த செல்களும் அவற்றின் அண்டைச் செல்களும் வெளியிடும் வேதிக் குறிப்புகளே பழுது நேர்ந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. அக்குறிப்பைப் பின்பற்றி வந்து சேரும் எலும்பரி செல்கள் அமிலத்தையும் நொதிகளையும் சுரந்து, விரிசலோடு சேர்த்துச் சுற்றியுள்ள எலும்பையும் கரைத்துக் குடைந்து செல்ல, பின்னால் வரும் எலும்பாக்கச் செல்கள் அந்தக் குடைவைப் புதிய எலும்பால் நிரப்புகின்றன. இந்த இருவகைச் செல்களும் ஓரணியாகச் சேர்ந்து இயங்குவதை 1960-களில் விளக்கிய அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹரால்ட் ஃப்ராஸ்ட், எலும்பியலின் போக்கையே மாற்றினார்.

இந்தச் செப்பனிடும் முறையில் ஒரு விலை ஒளிந்திருக்கிறது. ஓரிடத்தில் குடையும் வேலை ஏறத்தாழ மூன்று வாரங்களில் முடிந்துவிடும். நிரப்பும் வேலைக்கோ மூன்று மாதங்கள் ஆகும். நிரப்பிய எலும்பில் தாதுக்கள் முழுமையாகப் படிந்து கெட்டிப்பட மேலும் பல மாதங்கள் செல்லும். போக்குவரத்தை நிறுத்தாமல், பழைய தாரைப் பெயர்த்துப் பாதி தோண்டிய சாலையின் மீதே லாரிகளை ஓடவிட்டால் எஞ்சிய பாதை விரைந்து பெயர்வதைப் போல, சீரமைப்பு தொடங்கிய எலும்பின் மீது அதே அளவுச் சுமை தொடர்ந்து விழுந்தால், குடைவுகளால் இளகிய அப்பகுதியில் திரிபு முன்னைவிடக் கூடுகிறது. திரிபு கூடினால் விரிசல்கள் பெருகும். விரிசல்கள் பெருகினால் மேலும் பல இடங்களில் குடைவு தொடங்கும். இந்தச் சுழலின் முடிவில் தோன்றுவதே தகைவு முறிவு. எனவே இதனை எலும்பின் பலவீனம் என்று மட்டும் சொல்வது பொருந்தாது. சேதத்தின் வேகத்துக்குச் செப்பனிடும் வேகம் ஈடுகொடுக்க முடியாமற்போன ஒரு காலக்கணக்குத் தவறு என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். நல்ல உடற்கட்டுள்ள, எலும்பு அடர்த்தியில் எக்குறையும் இல்லாத இளைஞர்களுக்கும் இது நேர்வது ஏன் என்பதும் இதனால் விளங்கும்.

பயிற்சியைப் புதிதாகத் தொடங்குவோரும், நடந்துகொண்டிருந்த பயிற்சியைத் திடீரென உயர்த்துவோருமே இதற்கு மிகுதியாக ஆளாகிறார்கள். சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் தசைகளும் கூடுதல் உழைப்புக்குப் பழகி, இன்னும் ஓடலாம் என்ற தெம்பை ஒருவருக்குத் தருகின்றன. அதே வாரங்களில் எலும்போ குடையும் கட்டத்தில், தன் வழக்கமான வலுவைவிடக் குறைந்த நிலையில் இருக்கிறது. படைகளில் புதிதாகச் சேர்ந்தோர் இதற்குச் சரியான ஆய்வுக்களமாக அமைந்தார்கள். ஏனெனில் அவர்கள் அனைவரும் ஒரே நாளில் தொடங்கி, ஒரே உணவை உண்டு, ஒரே தொலைவை நடக்கிறார்கள். 1985-இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு ஒன்று, புதிதாகப் படையில் சேர்ந்த 295 பேரைத் தொடர்ந்து கவனித்து, அவர்களில் 31 விழுக்காட்டினருக்குத் தகைவு முறிவு ஏற்பட்டதைக் கண்டது. வலிப்பதாகச் சொன்ன ஒவ்வொருவரையும் எலும்பு வருடல் சோதனைக்கு அனுப்பித் தேடியதால்தான், அதற்கு முன் சொல்லப்பட்டுவந்த விகிதங்களைவிட இவ்வளவு உயர்ந்த விகிதம் கிடைத்தது. அதே படையில் ஏறத்தாழ கால் நூற்றாண்டாக மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளில், காலணிகளும் உள்தட்டுகளும் தந்ததைவிடப் பெரிய பலனைத் தந்தவை இரண்டு: மொத்த அணிநடைத் தொலைவைக் குறைத்ததும், இரவில் குறைந்தது ஆறு மணிநேர உறக்கத்தைக் கட்டாயமாக்கியதும். படையில் சேர்வதற்கு முன் ஈராண்டுக்குக் குறையாமல் கூடைப்பந்து போன்ற பந்து விளையாட்டுகளை ஒழுங்காக ஆடிவந்தவர்களிடம் முறிவுகள் வெகுவாகக் குறைந்திருந்ததும் அங்கே தெரியவந்தது. ஓடவும் தாவவும் திசைமாறவும் வேண்டிய அந்த ஆட்டங்கள் பலதிசைச் சுமைகளை அவர்களின் எலும்புக்கு முன்கூட்டியே பழக்கியிருந்தன என்று ஆய்வாளர்கள் கருதினர். நேர்க்கோட்டில் மட்டும் ஓடிப் பழகியவர்களுக்கு அத்தகைய காப்பு தெளிவாகத் தென்படவில்லை.

எலும்பின் மீது விழும் சுமை உடல் எடையோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓடும்போது தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கும். குதிகாலைத் தூக்கக் கெண்டைக்காலின் தசைகள் வலுவாக இழுப்பதால், கணைக்கால் எலும்பின் கீழ்முனையில் விழும் அழுத்தம் அதனினும் பலமடங்கு கூடிவிடுகிறது. தசைகள் இவ்வாறு சுமையைக் கூட்டினாலும், எலும்பு அளவுமீறி வளையாமல் எதிர்ப்புறம் இழுத்துப் பிடிப்பவையும் அவையே. களைத்த தசை அந்தப் பணியில் தளர்ந்துவிட, வளைவு கூடுகிறது. ஓட்டத்தின் கடைசிக் கிலோமீட்டர் முதல் கிலோமீட்டருக்குச் சமமானதன்று என்பதற்கு இது ஒரு காரணம். வோலர் கண்ட உறவு இங்கும் பொருந்துகிறது. அடியின் நீளத்தைச் சற்றுக் குறைத்து ஓடினால் அதே தொலைவுக்கு அடிகளின் எண்ணிக்கை கூடும். அதனால் சேதமும் கூடும் என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் அடிதோறும் குறையும் திரிபினால் கிடைக்கும் நன்மை, கூடுதல் அடிகளால் வரும் தீமையைவிடப் பெரிது. அடியின் நீளத்தை 10 விழுக்காடு குறைத்தால் கணைக்கால் எலும்பு முறியும் வாய்ப்பு ஓரளவு தணியும் என 2009-இல் வெளியான ஒரு கணிப்பு காட்டியது.

முறிவு எங்கே ஏற்படும் என்பதை எலும்பின் வடிவமும் ஆட்டத்தின் இயல்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. தொலைதூர ஓட்டக்காரர்களுக்குக் கணைக்கால் எலும்பின் உள்விளிம்பு, நெடிது நடப்போருக்குப் பாதத்தின் நடுவிலுள்ள நீளெலும்புகள், அணிநடையில் குதிகாலை ஓங்கிப் பதிக்கும் படைவீரர்களுக்குக் குதிகால் எலும்பு என்று ஒரு பொதுப்போக்கு உண்டு. பாத நீளெலும்புகள் ஐந்தில் பெருவிரலைச் சேர்ந்தது தடித்தது, வலியது. அதற்கடுத்த இரண்டாவது எலும்போ மெலிந்து நீண்டது, அதன் அடிப்பகுதியும் அண்டை எலும்புகளுக்கிடையே ஆப்பு வைத்ததுபோல் அசைய இடமின்றிப் பொருந்தியிருக்கிறது. அசைந்து கொடுக்க முடியாதது வளைந்துதான் கொடுக்க வேண்டும் என்பதால், பிரைட்ஹௌப்ட் கண்ட வீங்கிய பாதங்களைப் போன்றவற்றில் இரண்டாவது, மூன்றாவது நீளெலும்புகளே பெரும்பாலும் முறிந்திருக்கும். இது மனிதருக்கு மட்டும் உரிய நோயுமன்று. இடஞ்சுழியாக ஓடும் பந்தயத் தடங்களில் கிரேஹவுண்டு நாய்களுக்கு, வளைவுகளில் வெளிப்புறச் சுமையைத் தாங்கும் வலப் பின்காலின் கணுக்கட்டு எலும்பே மிகுதியாக முறிகிறது. இளம் பந்தயக் குதிரைகளுக்கு முன்காலின் முன்பக்க எலும்பில் வலி காண்பது குதிரைப் பயிற்சியாளர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த தொல்லை.

முறிவின் இடத்தைப் பொறுத்து அதன் கடுமையும் மாறுபடுகிறது. வளையும் எலும்பின் ஒரு பக்கம் அழுந்த, எதிர்ப்பக்கம் இழுபடுவதே இதற்கு அடிப்படை. அழுந்தும் பக்கத்து விரிசலின் வாய் ஒவ்வோர் அடியிலும் மூடிக்கொள்கிறது. இழுபடும் பக்கத்து விரிசலின் வாய் ஒவ்வோர் அடியிலும் திறக்கிறது. கணைக்கால் எலும்பின் பின்புற உள்விளிம்பில் ஏற்படும் முறிவு ஓய்விலேயே கூடிவிடுவதும், அதே எலும்பின் முன்விளிம்பில், குறிப்பாகத் தாவும் ஆட்டக்காரர்களுக்கும் நடனக் கலைஞர்களுக்கும் ஏற்படுவது எக்ஸ்ரேயில் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்து மாதக்கணக்கில் கூடாமல் நிற்பதும் இதனால்தான். தொடையெலும்பின் கழுத்தில் மேற்பக்கத்து விரிசல் இன்னும் அபாயமானது. அது முழுமுறிவாக மாறினால் இடுப்புமூட்டின் பந்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு அந்த எலும்பே மடியக்கூடும் என்பதால், திருகாணிகளால் அதைப் பிணைத்துவிடவே அறுவை மருத்துவர்கள் விரும்புவார்கள். பாதத்தின் வளைவு உச்சியிலுள்ள படகெலும்புக்கு இடர் வேறொரு வகையில் வருகிறது. இரத்த நாளங்கள் குறைந்த அதன் நடுப்பகுதியிலேயே சுமையும் குவிவதால் விரிசல் தோன்றுவதும் எளிது, கூடாமற்போவதும் எளிது. 2.29 மீட்டர் உயரமுள்ள சீனக் கூடைப்பந்து வீரர் யாவ் மிங்குக்கு 2008-இல் இடப்பாதத்தில் முறிந்தது இவ்வெலும்புதான். அறுவை செய்தும் அந்தக் கால் பின்னரும் தொல்லை கொடுக்க, 2011-இல் 30 வயதில் அவர் ஓய்வுபெற்றார்.

நோயறிதலில் எக்ஸ்ரே ஏமாற்றுவது சாதாரணம். வலி தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் படம் பெரும்பாலும் எக்குறையும் காட்டாமல் இயல்பாகவே இருக்கும். அதில் பின்னர் தென்படுவதும் பல நேரங்களில் விரிசல் அன்று, அதைச் சுற்றிப் புதிதாக வளர்ந்த எலும்பின் வெண்மைதான். எலும்பினுள் ஊறிய நீரைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம், விரிசல் உருவாகும் முன்பே, குடைவு மிகுந்த கட்டத்தையும் காட்டிவிடும் என்பதால் இன்று அதுவே நம்பகமானதாகக் கருதப்படுகிறது. ஆயினும் கருவிகளுக்கு முந்திய குறிப்புகளும் மதிப்பிழக்கவில்லை. கணைக்காலின் உள்விளிம்பு நெடுகப் பரவி, உடல் சூடேறியதும் தணியும் வலி பெரும்பாலும் எலும்புச் சவ்வைச் சார்ந்த தொல்லையாக இருக்கும். ஒரு விரல்நுனியால் சுட்டக்கூடிய இடத்தில் நின்று, ஓட ஓடக் கூடி, பிறகு நடக்கும்போதும், இறுதியில் இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால் தகைவு முறிவையே முதலில் ஐயுற வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடுவதே உறுதி என்று போதிக்கும் பயிற்சி மரபு எலும்பின் பொருட்டு உருவானதன்று. தசையின் களைப்புக்குப் பொருந்தும் அந்த அறிவுரை இங்கே முழுமுறிவுக்கே வழிகோலும்.

செப்பனிடும் வேகத்தைக் குறைப்பவை எவையோ அவையும் இந்நோயின் காரணங்களாகும். அவற்றில் முதன்மையானது பற்றாக்குறையான உணவு. பயிற்சிக்குச் செலவானது போக, உடலின் கொழுப்பல்லாத எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 30 கிலோகலோரிக்கும் குறைவாக ஆற்றல் எஞ்சினால், சில நாள்களிலேயே இனப்பெருக்க இயக்குநீர்களின் ஒழுங்கு குலையத் தொடங்குவது இளம்பெண்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகளில் தெரியவந்தது. எலும்பரி செல்களைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் குடைவு மிகுகிறது, நிரப்பும் வேலையும் தளர்கிறது. மாதவிடாய் நின்றுபோவதைக் கடும் பயிற்சியின் இயல்பான விளைவென்று ஓட்டக்காரப் பெண்களும் அவர்களின் பயிற்சியாளர்களும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இன்றும் மறையவில்லை. எலும்பைப் பொறுத்தவரை அது வெளிப்படையான எச்சரிக்கை. 2014-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இந்த ஆற்றல் பற்றாக்குறையின் வரையறையை ஆண்களையும் உள்ளடக்கி விரிவாக்கியது. கால்சியமும் வைட்டமின் டியும் தம் பங்குக்கு உதவுகின்றன. அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த 5,201 பெண்களில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரங்கள் நாள்தோறும் 2,000 மில்லிகிராம் கால்சியமும் 800 அலகு வைட்டமின் டியும் கொடுத்தபோது, முறிவுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன என்று 2008-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பயனுள்ளது என்றாலும், உணவையே குறைத்துக்கொண்டவருக்கு மாத்திரை ஈடாகாது.

குடைவு இல்லாமலே போனால் நன்றாயிருக்குமே என்ற எண்ணத்துக்கு மருத்துவ உலகமே தற்செயலாக விடை கண்டிருக்கிறது. முதியோரின் எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கப்படும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் எலும்பரி செல்களை முடக்கி எலும்பிழப்பைத் தடுக்கின்றன; இடுப்பு, முதுகெலும்பு முறிவுகளை அவை கணிசமாகக் குறைப்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றைப் பல ஆண்டுகள் தொடர்ந்து உட்கொண்ட மிகச் சிலரிடம், தொடையெலும்பின் நடுத்தண்டில், இழுபடும் வெளிப்பக்கத்தில், விரிசல் தொடங்கிச் சாதாரண நடையிலேயே குறுக்காக முறிவது 2000-களின் நடுவிலிருந்து கவனத்துக்கு வந்தது. முறிவதற்குப் பல வாரங்கள் முன்பே தொடையில் வலி இருந்ததைப் பலர் நினைவுகூர்ந்தனர். அகற்றப்படாத நுண்விரிசல்கள் சேர்ந்துகொண்டே வந்து அயர்ச்சி முறிவாக முடிவதே இதற்குக் காரணமென்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதாவது, செப்பனிடும் திறன் ஒடுக்கப்பட்ட எலும்பு ரயில் அச்சின் நிலையை அடைகிறது. இம்மருந்துகளைச் சில ஆண்டுகளுக்குப் பின் இடைநிறுத்தும் வழக்கம் உருவானது இதனால்தான்; எவர் எப்போது நிறுத்தலாம் என்பதை அவரவர் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

சேதத்துக்கும் செப்பனிடுதலுக்கும் இடையிலான காலக்கணக்கை எலும்புக்குச் சாதகமாகவும் திருப்ப முடியும். எலும்புச் செல்கள் தொடர்ச்சியான சுமைக்கு விரைவிலேயே மரத்துப்போகின்றன. சில டஜன் அடிகளுக்குப் பின் வரும் அடிகள் எலும்பை வளர்க்கும் தூண்டலாகப் பெரிதும் பயன்படுவதில்லை, சேதத்தை மட்டும் கூட்டுகின்றன. எலிகளின் முன்காலெலும்புக்கு நாளொன்றுக்கு 360 சுமைகளை ஒரே மூச்சில் கொடுப்பதைக் காட்டிலும், இடைவெளி விட்டு 90 வீதம் நான்கு தவணைகளாகக் கொடுத்தபோது எலும்பு கூடுதலாக வலுப்பெற்றதை 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. நீண்ட ஒரே ஓட்டத்தைவிடச் சிறு தவணைகளும் அவற்றின் நடுவே சில மணிநேர இடைவெளியும் எலும்புக்கு உகந்தவை என்று இதிலிருந்து மனிதருக்கும் ஊகிக்கலாம். காலணிகளைப் பற்றிய விவாதம் விளம்பரங்கள் எழுப்பும் ஆரவாரத்துக்குத் தகுதியுடையதன்று. எனினும் தடித்த காலணியிலிருந்து மெல்லிய அடித்தட்டுக்கு ஓரிரு மாதங்களில் மாறியவர்களின் பாத எலும்புகளில் எம்.ஆர்.ஐ. நீர்க்கோவையைக் காட்டியிருப்பதால், எந்தக் காலணி என்பதைக் காட்டிலும் எவ்வளவு விரைவாக மாற்றம் என்பதே அங்கும் கேள்வியாகிறது. ஓட்டத்துக்கு முன் தசைகளை நீட்டிச் செய்யும் பயிற்சி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியப் படைவீரர்களிடம் சோதிக்கப்பட்டபோது பயனளிக்கவில்லை.

சிகிச்சை பெரும்பாலும் எளியது. பாத நீளெலும்புக்கு விறைப்பான அடித்தட்டுள்ள காலணியுடன் நான்கு முதல் ஆறு வாரங்கள், கணைக்கால் உள்விளிம்புக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஓட்டத்தை நிறுத்தினால் போதும். அந்நாள்களில் நீச்சலும் மிதிவண்டியும் இதயத்தையும் தசையையும் தளரவிடாமல் காக்கும். படகெலும்புக்கு மட்டும் காலை ஊன்றவே கூடாதபடி ஆறு வாரக் கட்டு தேவைப்படும். பெண்கள் மராத்தானில் அன்றைய உலகச் சாதனைக்கு உரியவராயிருந்த பிரிட்டனின் பாலா ராட்கிளிஃப், தொடையெலும்பில் ஏற்பட்ட தகைவு முறிவால் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முந்திய பயிற்சி வாரங்களை இழந்து, அந்தப் பந்தயத்தை 23-ஆவதாக முடித்தார். எலும்பின் கால அட்டவணையைப் போட்டியின் நாட்காட்டி மாற்றிவிட முடியாது. வலி மறையும் நாளில் நிரப்பும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கும் என்பதால், வலியின்றி நடக்க முடிந்த பின்னரே ஓட்டம் மீண்டும் தொடங்கப்படுகிறது. அதுவும் முதலில் நடையும் ஓட்டமும் கலந்து, ஒருநாள் விட்டு ஒருநாளாக, தொலைவைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டாமல் நடைபெற வேண்டும். பழைய இடத்தில் வலி மீண்டும் தலைகாட்டினால் முந்திய படிக்கு இறங்கிவிட வேண்டும்.